எலும்புக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும்

நடக்கிறவர்களைக் கொஞ்சம் சீண்டப் போகிறேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் நடக்கிறவள்தான். கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள், ஊரில் ஐம்பதைத் தாண்டிய பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். நடை முடிந்ததும் அருகம்புல் சாறு, இல்லாவிட்டால் முடவாட்டுக்கால் சூப். அதுவும் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து முட்டிவலிப் புராணம். "தினம் நாலு கிலோமீட்டர் நடக்கறனுங்க, அப்பறம் எப்படி எலும்புத் தேய்வுன்னு ரிப்போர்ட்டுல வருது?" என்று நிஜமாகவே மனத்தாங்கலோடு கேட்கிறார்கள்.

வருவதற்குக் காரணம் இருக்கிறது. நடை சர்க்கரைக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, ராத்திரி தூக்கம் வரும், வீட்டில் பேச முடியாததை வெளியே பேசிவிட்டு வரலாம். ஆனால் சமதரையில் தினமும் அதே வேகத்தில் நடக்கிற நடையில் எலும்புக்குப் புதிதாகச் செய்தி எதுவும் போவதில்லை. வழக்கத்துக்கு மேல் பாரம் வந்தால்தான் அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். இதை ஜெர்மனியில் யூலியஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர் 1892லேயே புத்தகமாக எழுதிவிட்டார்: எந்தப் பக்கம் சுமை விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ப எலும்பு தன் உள் அமைப்பை மாற்றிக்கொள்கிறது.

எலும்பு உயிருள்ள பொருள் என்பதே நம்மில் பலருக்கு மறந்துவிடுகிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஓயாமல் வேலை செய்வதில் பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. முப்பது வயதை ஒட்டி எலும்பின் கனம் உச்சத்துக்குப் போய்விடும், அதற்குப் பிறகு கரைப்பது மெல்ல முந்த ஆரம்பிக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஐந்தாறு ஆண்டுகளில் அந்த வேகம் சட்டென்று கூடிவிடும். ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை கரைக்கும் செல்களுக்கு இருந்த கடிவாளம் கழன்றுவிடுவதுதான் காரணம். அந்தச் சில ஆண்டுகளிலேயே இருந்த எலும்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடக்கூடும்.

சுமையின் மகிமையைப் பார்க்க டென்னிஸ்காரர்களின் கைகளைப் பார்த்தால் போதும். 1977ல் வெளியான ஓர் ஆய்வில் தொழில்முறை டென்னிஸ் வீரர்கள் 84 பேரின் மேற்கை எலும்பை எக்ஸ்ரேயில் அளந்தார்கள். மட்டை பிடிக்கும் கையில் எலும்பின் கெட்டியான வெளிச்சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது. எனக்கு இதில் பிடித்ததே இரண்டு கையும் ஒரே ஆளுடையது என்பதுதான். குடித்த பால் ஒன்று, பட்ட வெயில் ஒன்று, பரம்பரை ஒன்று. வேலை மட்டும் வேறு.

எதிர்ப்பக்க சாட்சி விண்வெளியில் இருக்கிறது. எடையே இல்லாமல் மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பின் கனம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை குறைந்தது. பூமியில் வயதானவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வருஷத்தில் போவது அங்கே ஒரே மாதத்தில். இத்தனைக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடைப்பட்டையும் சைக்கிளும் இருந்தன, அவர்களும் தினமும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். 2008ல் 270 கிலோ வரைக்கும் எதிர்விசை தரக்கூடிய ஒரு பளு இயந்திரத்தை மேலே அனுப்பினார்கள். அதில் குந்தி எழுவதும், தரையிலிருந்து பளு தூக்குவதுமாகப் பயிற்சி செய்து, சாப்பாட்டையும் வைட்டமின் டியையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்களுக்கு எலும்பின் கனம் பெரும்பாலும் குறையாமல் நின்றது. சைக்கிளை மட்டும் நம்புகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். போட்டி சைக்கிள்காரர்களுக்கே முதுகெலும்பின் கனம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீச்சலும் அப்படித்தான், மூட்டுக்கு சுகம், எலும்புக்குப் பெரிய வேலை இல்லை.

"எல்லாம் சரி, இந்த வயதில் பளு தூக்கினால் இருக்கிற எலும்பும் உடைஞ்சிடாதா?" என்பது அடுத்த கேள்வி. டாக்டர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் பயந்தார்கள். 'எலும்பு மெலிந்துவிட்டதா, கனமாக எதையும் தூக்காதீர்கள்' என்பதுதான் வழக்கமான உபதேசம். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழுவினர் இந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். லிஃப்ட்மோர் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். மாதவிடாய் நின்ற, ஏற்கெனவே எலும்பு மெலிந்த 101 பெண்கள், சராசரி வயது 65. ஒரு பாதிப் பேருக்கு வீட்டிலேயே செய்யும் லேசான பயிற்சி. இன்னொரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, தடவைக்கு அரை மணி நேரம், நிஜமான பளு: தரையிலிருந்து கம்பியைத் தூக்குவது, தோளில் கம்பியோடு குந்தி எழுவது, தலைக்கு மேல் தூக்குவது, அப்புறம் மேலே கம்பியைப் பிடித்து எம்பி, தொப்பென்று தரையில் குதித்து இறங்குவது. தங்களால் ஒரே ஒருமுறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல். ஐந்து ஐந்தாக ஐந்து சுற்று.

எட்டு மாதம் கழித்து அளந்தபோது பளு தூக்கியவர்களுக்கு இடுப்புக்கு மேலான கீழ்முதுகெலும்பின் கனம் 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசான பயிற்சிக்காரர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. 2.9 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டிய வயதில் அது ஏறியிருக்கிறது. ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. ஒருவருக்கு முதுகு லேசாகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அவசரப்பட்டு ஜிம்முக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அவர்கள் முதல் மாதம் உடம்பு எடையையும் லேசான பளுவையும் மட்டும் வைத்து முறையைப் பழக்கினார்கள், ஒவ்வொரு அமர்வும் பயிற்சியாளரின் கண் முன்னால் நடந்தது. இதைப் பாதி கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். ஆரம்பிக்கிற இடம் நாற்காலி. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் ஆயுசு முழுக்க வேலை செய்துவிட்டு, இப்போது மகன் வீட்டு அபார்ட்மென்டில் டிவி முன்னால் இருக்கிற என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்.

"ஏங்கண்ணு, உக்காந்து எந்திரிக்கறதெல்லாம் ஒரு எக்சர்சைஸா? தலைல புல்லுக்கட்டு வெச்சுட்டு வரப்பு மேல நடந்தவ நானு."

"சரிங் பெரீம்மா, கை வெக்காம ஒருக்கா எந்திரிச்சுக் காட்டுங்க."

இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டார். முன்னால் ஒரு ஆட்டம், பின்னால் ஒரு ஆட்டம், எழ வரவில்லை. கை தானாக நாற்காலிப் பிடிக்குப் போய்விட்டது. கவனித்தால் காரணம் பாதத்திலேயே தெரிந்தது. பாதங்கள் முட்டிக்கு ஒரு சாண் முன்னால் கிடந்தன, இடுப்பு நாற்காலியின் முதுகில் ஒட்டிக் கிடந்தது. அந்த நிலையில் இருபது வயதுக்காரராலும் எழ முடியாது. விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொன்னேன், பாதங்களை முட்டிக்குக் கீழே, கொஞ்சம் பின்னாலேயே இழுத்து வைக்கச் சொன்னேன், உயரத்துக்கு ஒரு தலகாணியும் போட்டேன். மூக்கு கால் விரலுக்கு நேரே வருகிற வரை முன்னால் சாய்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்தி எழ வேண்டும். எழுந்துவிட்டார். உட்காரும்போதுதான் பொத்தென்று விழுந்தார். நிஜப் பயிற்சி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. மனதில் மூன்று எண்ணிக்கொண்டு மெல்ல இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதில்தான் அது வலுப்படுகிறது.

"முட்டி புடிக்குது கண்ணு."

"முட்டிய உள்பக்கமா மடங்க விடறீங்க. ரெண்டாவது விரலுக்கு நேரா வெச்சுக்கங்க."

நாற்காலி மரத்தில் இருந்தால் நல்லது, சுவரை ஒட்டிப் போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பத்துப் பத்தாக இரண்டு சுற்று சுலபமாகிவிட்டால் தலகாணியை எடுத்துவிடலாம். அதுவும் சுலபமானால் கையில் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழலாம். அதற்கு அப்புறம்தான் நாற்காலியே இல்லாத நம்ம தோப்புக்கரணம். பள்ளிக்கூடத்தில் தண்டனையாகவும் பிள்ளையார் முன்னால் வேண்டுதலாகவும் போட்டதுதான். காதை விட்டுவிட்டுப் போட்டாலும் தொடைக்கும் இடுப்புக்கும் பலன் குறையாது.

உங்கள் கணக்கு என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் அளவுகோலின்படி 60 முதல் 64 வயது வரையான பெண்கள் 12க்குக் கீழேயும் ஆண்கள் 14க்குக் கீழேயும் போனால், விழுகிற அபாயம் கூடுதல் என்று பொருள். 70 முதல் 74 வரை பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம்தான்.

அடுத்தது கீழே இருப்பதைத் தூக்குவது. நகரத்து வீடுகளில் வாரத்துக்கு இரண்டு முறை வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேன், இருபது கிலோ. முதுகை வில்லாக வளைத்துக் குனிந்து வெடுக்கென்று இழுத்து, திருகி, டிஸ்பென்சரில் கவிழ்க்கிறோம். முதுகைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுருக்குவழி இல்லை. முறையாகச் செய்தால் அதே கேன் லிஃப்ட்மோர் பெண்கள் செய்த பயிற்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை. குனிவது இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும், முதுகில் அல்ல. இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது கார் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அப்படிப் பின்பக்கத்தைப் பின்னால் தள்ள வேண்டும். முட்டி லேசாக மடங்கினால் போதும். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு துடைப்பக் கட்டையை முதுகோடு செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கட்டை தொட்டபடியே குனிய வந்தால் முறை வந்துவிட்டது. எங்காவது விலகினால் அங்கே வளைகிறீர்கள். கட்டையோடு பழகிய பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை, அப்புறம் பத்து. பொருள் இரண்டு பாதத்துக்கும் நடுவில், உடம்பை ஒட்டி மேலே வர வேண்டும். கேனைக் கவிழ்க்கும் வேலையை மட்டும் வீட்டில் வாலிபர் யாராவது இருந்தால் அவரிடமே விட்டுவிடலாம். தூக்கிக்கொண்டே திரும்புவதுதான் வம்பு.

இந்தக் குனிகிற விஷயத்தில் யோகா செய்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை. 1984ல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மெர்ஷீத் சினாக்கி, முதுகெலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்த 59 பெண்களைப் பின்தொடர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. முன்னால் வளைத்து மடக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு. ஒன்றுமே செய்யாதவர்களின் கணக்கு 67. சின்ன ஆய்வுதான், ஆனாலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்தபிறகு எலும்புத் தேய்வு உள்ளவர்களை மொட்டைமாடி வகுப்பில் எல்லாரோடும் சேர்த்துப் பச்சிமோத்தானாசனமும் பாதஹஸ்தாசனமும் செய்யச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புஜங்காசனத்தை அளவாகச் செய்யலாம். குப்புறப் படுத்து, வயிற்றுக்குக் கீழே தலகாணி வைத்து, நெஞ்சை மட்டும் இரண்டு அங்குலம் தூக்கினாலே முதுகுத் தசைக்குப் போதிய வேலை.

அதிர்ச்சியும் எலும்புக்குப் பிடிக்கும். நின்ற இடத்திலேயே குதிகால்களைத் தூக்கி, தொப்பென்று இறக்குவது ஆரம்பத்துக்குப் போதும். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு சீக்கிரமே சலித்துக்கொள்ளும் என்பதை விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டின. சில பத்து அதிர்வுகளுக்குப் பிறகு அதற்குக் காது மந்தமாகிவிடுகிறது, சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால்தான் திரும்பக் கேட்கிறது. ஆகவே காலையில் இருபது, சாயங்காலம் இருபது என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்களுக்கு இது வேண்டாம்.

முட்டிக்கு வருகிறேன். எக்ஸ்ரேயைப் பார்த்து 'தேய்மானம்' என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே மாடிப்படிக்கும் தரையில் உட்காருவதற்கும் கும்பிடு போட்டுவிடுகிறோம். மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு போகிறது, அந்தத் திரவம் உள்ளே போய்வருவதற்கு மூட்டு அமுங்கி விரிய வேண்டும். அசைக்காமல் வைத்தால் குருத்தெலும்பும் மெலியும், முட்டியைத் தாங்கும் தொடைத் தசையும் சூம்பும். அப்புறம் வலி இன்னும் கூடும். அதனால் அளவை வலியிடமே கேட்டுக்கொள்ளலாம். செய்யும்போது லேசாக வலித்து மறுநாளைக்குள் பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம், மறுநாளும் வீங்கியோ கூடுதலாக வலித்தோ இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். உடம்பு எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு ஆறுதலான கணக்கு ஒன்று: ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது.

எலும்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் விழாமல் இருப்பதுதான் பெரிய காரியம். மணிக்கட்டும் இடுப்பும் பெரும்பாலும் விழுந்துதான் உடைகின்றன, அதுவும் ஈரமான பாத்ரூமில், ராத்திரி எழுந்து போகும்போது. ஒற்றைக்காலில் நிற்கப் பழகுவதற்குக் காசும் வேண்டாம் இடமும் வேண்டாம். பிரேசிலில் கிளாடியோ கில் அராவுஜோ குழுவினர் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரிடம் ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா என்று பார்த்தார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் இறந்தவர்களின் விகிதம் அந்த முடியாதவர்களிடையேதான் கூடுதலாக இருந்தது. 2022ல் வந்த அந்த முடிவைப் படித்துவிட்டு யாரும் கலங்க வேண்டாம், ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று அதற்கு அர்த்தமில்லை, உடம்பின் மொத்த நிலையை அது காட்டிக்கொடுக்கிறது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நில்லுங்கள். பூங்காவில் போடுகிறார்களே எட்டு நடை, அதில் சர்க்கரை தீரும், கண் தெளியும் என்றெல்லாம் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் திரும்பித் திரும்பி நடப்பது சமநிலைக்கு நல்ல பழக்கம்தான்.

'எனக்கு எழுபத்தைந்து ஆயிடுச்சு, இனிமே என்ன' என்கிறவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். 1990ல் பாஸ்டனில் மரியா ஃபியாதரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார். சராசரி வயது 90. எட்டு வாரம், கால்களுக்குக் கனமான பளுப் பயிற்சி. முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஒரு நாளைக்குக் கால்சியம் பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. ராகி மாவு நூறு கிராமில் ஏறக்குறைய 350 இருக்கிறது, மீதிக்குப் பால், தயிர், கீரை, முள்ளோடு மென்று தின்கிற சின்ன மீன். புரதம் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு தசை வளரவில்லை என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. இரண்டு இட்லிக்கு மூன்று கரண்டி சாம்பார் என்றாலும் அதில் பருப்பு எத்தனை இருக்கும்? வைட்டமின் டியை ரத்தத்தில் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா வாரம் ஒன்று போடுகிறார் என்பதற்காக நீங்களும் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

தனியாக ஆரம்பிக்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். லேசாக விழுந்ததற்கே எலும்பு உடைந்தவர்கள், உயரம் இரண்டு அங்குலம் குறைந்துபோனவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர்கள் முதலில் எலும்பின் கனத்தை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அதில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் எலும்புப்புரை, பயிற்சியோடு மருந்தும் வேண்டியிருக்கும். நெஞ்சு வலியோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் பளு பக்கமே டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் போகிறவர்கள், கரன்ட் வைத்து அனுப்பினால் போதும் என்று படுத்துக்கொள்ளாமல், குந்தி எழவும் குனிந்து தூக்கவும் முறையாகச் சொல்லித் தரச்சொல்லிக் கேளுங்கள். கரன்ட்டுக்கும் அதற்கும் ஒரே ஃபீஸ்தான் வாங்குகிறார்கள்.